மழைக்காலச் சளியும் ஃபுளூ காய்ச்சலும்: இராமநாதபுரம் கடலோர மக்கள் அறிய வேண்டியவை

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் இருமலும் மூக்கொழுகலும் பரவத் தொடங்கிவிடுகின்றன. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், கீழக்கரை என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் மார்கழி முடியும்வரை இதே நிலைதான். இவற்றுள் பெரும்பாலானவை ஒரு வாரத்தில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. அதனாலேயே மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலையும் “மழைச் சளிதானே” என்று விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது.

எல்லோருக்கும் அது பாதுகாப்பான பழக்கம் அன்று. கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இளைப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இன்ஃபுளுயன்சா என்னும் ஃபுளூ காய்ச்சல் வந்தால், அதற்குரிய மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கப்படும்போதே மிகுந்த பயன் தருகிறது. நம் பகுதியில் அந்த இரண்டு நாட்கள்தாம் பெரும்பாலும் கைநழுவிப் போகின்றன. ஒரு நாள் கஷாயத்தில் கழிகிறது. மறுநாள் கடையில் வாங்கிய மாத்திரையில் கழிகிறது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே வண்டி தேடுகிறோம். உங்கள் வீட்டில் அந்த இரண்டு நாட்கள் வீணாகாமல் இருக்க எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நனைவதால் காய்ச்சல் வருமா?

மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நோயை உண்டாக்குவது மழைநீர் அன்று, வைரஸ். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. ஃபுளூவை உண்டாக்குபவை இன்ஃபுளுயன்சா ஏ, பி வகைகள். இவை நோயுற்றவர் இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகள் வழியாகவும், அத்துளிகள் பட்ட கை மூக்கையும் கண்ணையும் தொடுவதாலும் பரவுகின்றன.

ஆயினும் முன்னோர் கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மழைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு வேறு வழியில் அமைகிறது. மழை பெய்தால் நாம் என்ன செய்கிறோம்? சாரல் அடிக்காதபடி கதவையும் சன்னலையும் சாத்துகிறோம். வாசலிலும் திண்ணையிலும் படுப்பவர்கள் உள்ளே வந்து ஒரே அறையில் படுக்கிறார்கள். நனைந்த துணிகளும் அதே அறையில் கொடியில் தொங்குகின்றன. ஒருவர் விடும் மூச்சுக் காற்றையே மற்றவர்கள் இரவு முழுவதும் சுவாசிக்கிறார்கள். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியதும் தெருக்களிலும் வீடுகளிலும் நீர் புகுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய நாட்களில் உலர்ந்த இடம் எதுவோ அங்கே எல்லோரும் ஒண்டிக்கொள்கிறோம். கிருமிக்கு வேண்டியதும் அந்த நெருக்கம்தான். குளிர்ந்த காற்று மூக்கின் உட்புறத்தைக் குளிர்விக்கும்போது அங்குள்ள தற்காப்பு ஓரளவு குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே நனைந்தவர் தலையைத் துவட்டி, உலர்ந்த உடை மாற்றிக்கொள்வது நல்லதே. ஆனால் அதைச் செய்துவிட்டு, இருமுபவர் அருகில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் பயன் சிறிதே.

நாட்டின் பல பகுதிகளில் ஃபுளூ தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மிகுதியாகவும், சனவரி முதல் மார்ச் வரை மீண்டும் ஒருமுறையும் காணப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையால் மழை பெறும் தமிழகக் கடலோரத்தில் அக்டோபர் முதலான மாதங்களே கூடுதல் கவனத்துக்குரியவை. ஆகவே தொலைக்காட்சியில் சூலை மாதம் கேட்கும் எச்சரிக்கையை ஐப்பசியில் நினைவில் கொண்டுவர வேண்டியவர்கள் நாம்.

மண்டபம் முகாமும் ஃபுளூவும்

மண்டபம் கேம்ப் என்னும் ஊர்ப்பெயரே ஒரு நோய்த்தடுப்பு முயற்சியின் எச்சம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை இலங்கை அரசு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே முகாமில் சில நாட்கள் தங்கவைத்தது. அம்மை, காலரா, பிளேக் போன்ற நோய்களின் அறிகுறி தென்படுகிறதா என்று பார்த்த பின்னரே அவர்களைக் கடல் கடக்க அனுமதித்தது. அம்மை உடலுக்குள் புகுந்து வெளிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பரவுவதோ பெரும்பாலும் அறிகுறி தோன்றிய பின்னரே. ஆதலால் அத்தகைய நோய்களுக்கு முகாம் முறை ஓரளவு பயன் தந்தது.

ஃபுளூவிடம் அம்முறை செல்லாது. கிருமி புகுந்த ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் நோய் வெளிப்படுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாக ஆசிய ஃபுளூ இந்தியாவுக்குள் நுழைந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடெங்கும் பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். 2009இல் பரவிய எச்1என்1 வகையும் விமானப் பயணிகளோடு வந்து, நம்மிடையே நிலைத்து, இன்று ஆண்டுதோறும் வரும் பருவகால ஃபுளூக்களுள் ஒன்றாகிவிட்டது. “பன்றிக் காய்ச்சல்” என்று அப்போது அழைக்கப்பட்டதால் பன்றி வளர்க்கும் இடத்துக்குப் போகாதவர்களுக்கு வராது என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது.

இதிலிருந்து நமக்குத் தெரிய வேண்டியது ஒன்று. ஊர் எல்லையில் ஃபுளூவைத் தடுத்துவிட முடியாது. உங்கள் வீட்டில் உள்ளவர்களுள் யாருக்கு அது ஆபத்தாகும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அவரைச் சுற்றிப் பாதுகாப்பை அமைத்துக்கொள்ள முடியும்.

சளியா, ஃபுளூவா, வேறு காய்ச்சலா?

சாதாரணச் சளி மெல்ல மெல்லத் தொடங்கும். தொண்டை உறுத்தும், பிறகு மூக்கொழுகும், தும்மல் வரும். காய்ச்சல் இருக்காது, அல்லது லேசாக இருக்கும். நீங்கள் உங்கள் வேலையைச் சற்றுச் சிரமத்துடன் செய்துகொண்டே இருப்பீர்கள். ஃபுளூ அப்படி வருவதில்லை. காலையில் வலை இழுத்தவர் மாலையில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார். திடீரென்று உயரும் காய்ச்சல், உடலெங்கும் வலி, தலைவலி, வறட்டு இருமல், மிகுந்த சோர்வு ஆகியவை ஒன்றாக வந்து சேரும். காய்ச்சல் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் விடும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். முதியோருக்குக் காய்ச்சல் அதிகம் இல்லாமலேயே ஃபுளூ வருவதுண்டு. திடீரென்று உணவை மறுப்பது, குழப்பமாகப் பேசுவது, தள்ளாடுவது ஆகியவையே அவர்களிடம் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். கோவிட்-19 நோயும் இதே தோற்றத்தில் வரும். இரண்டையும் பிரித்தறியப் பரிசோதனை தேவை.

நம் மாவட்டத்தில் வேறொரு குழப்பமும் உண்டு. அதே மழை கொசுவையும் பெருக்குகிறது. குடிநீர்த் தட்டுப்பாட்டுக்குப் பழகிய ஊர்களில் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி என்று நீரைச் சேமித்து வைக்காத வீடு இல்லை. மூடாத தொட்டியில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. இராமேசுவரம் தீவோ மலேரியாவால் நெடுங்காலம் அல்லலுற்ற பகுதிகளுள் ஒன்று. ஆகவே காய்ச்சல் வந்தவருக்கு இருமலும் மூக்கொழுகலும் அறவே இல்லை என்றால், அதை ஃபுளூ என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் செந்தடிப்பு, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு ஆகியவை டெங்குவைச் சுட்டலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். காய்ச்சல் விட்ட பின் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடுக்கத்துடன் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மலேரியாவுக்கான இரத்தத் தடவல் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. தேங்கிய வெள்ளநீரில் நடந்த சில நாட்களில் கண் சிவந்து, கெண்டைக்கால் தசை வலித்து, காய்ச்சலும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் நீரில் நடந்ததையும் மறவாமல் சொல்லுங்கள்.

எந்தக் காய்ச்சல் என்று தெளியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகள் வேண்டா. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகியவை டெங்குவில் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எந்த வைரஸ் காய்ச்சலிலும் தரக்கூடாது. “ஊசி போட்டால் உடனே விடும்” என்று கேட்டு வாங்கும் ஊசியும், மருந்துக்கடையில் கலந்து தரும் மாத்திரைப் பொட்டலமும் பல வேளைகளில் இவ்வகை மருந்துகளையும் ஸ்டீராய்டையும் கொண்டிருக்கின்றன. காய்ச்சல் அமுங்கும், நோய் உள்ளே முற்றும். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்பவை. சளி, ஃபுளூ வைரஸ்களை அவை எதுவும் செய்வதில்லை.

முதல் இரண்டு நாட்கள்

எச்1என்1 பரவலின்போது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என மூன்று பிரிவாக வகுத்தது. மருத்துவர்கள் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகின்றனர். நீங்களும் இதை அறிந்திருந்தால் யாரை எப்போது அழைத்துச் செல்வது என்று தயங்க வேண்டியிராது.

லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் உள்ள, உடல்நலம் நன்றாக இருந்து வந்தவர் ஏ பிரிவு. அவருக்கு ஃபுளூ பரிசோதனையும் தேவையில்லை, வைரஸ் எதிர்ப்பு மருந்தும் தேவையில்லை. வீட்டில் ஓய்வெடுத்தால் போதும். இரண்டு நாட்கள் கழித்து அவர் நிலையை மீண்டும் கவனிக்க வேண்டும்.

பி பிரிவே இப்பக்கத்தில் நாம் மிகுதியாக வற்புறுத்த விரும்புவது. கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்கள் இதில் அடங்குவர். நோய் லேசாகவே இருந்தாலும், தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆபத்து மிகுந்தவர்களும் இதில் அடங்குவர். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எச்ஐவி தொற்று உள்ளவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோரையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு ஒசல்டமிவிர் என்னும் மருந்தைத் தொடங்க மருத்துவர் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு இரு வேளையாக ஐந்து நாட்கள் தரப்படுகிறது; குழந்தைகளுக்கு எடைக்கேற்ப அளவு மாறும். கருவுற்ற பெண்களுக்கும் இது தரப்படுகிறது. இம்மருந்து வைரஸ் உடலில் பெருகுவதைத் தடுப்பது. பெருகி முடித்த பின் தடுப்பதில் பயன் குறைவு என்பதால்தான் 48 மணி நேரம் என்னும் கணக்கு. நேரம் கடந்துவிட்டாலும் கடுமையாக நோயுற்றவர்களுக்கு மருத்துவர் இதைத் தருவார். ஆகையால் தாமதமாகிவிட்டது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மருத்துவர் சீட்டின்றி இதை வாங்கி உண்பதும் கூடாது.

சி பிரிவு மருத்துவமனைக்கு உரியது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கமான உறக்கம், சளியில் இரத்தம், உதடும் நகமும் நீலம் பாய்தல், இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் 108 ஆம்புலன்சை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி வீட்டில் இருந்தால் 94 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குவதும் அதே எச்சரிக்கைதான். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்து, மீண்டும் காய்ச்சலும் இருமலும் திரும்பி வந்தால் நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று சேர்ந்திருக்கக்கூடும். அதையும் மருத்துவரே பார்க்க வேண்டும்.

குழந்தையால் மூச்சு வாங்குகிறது என்று சொல்ல இயலாது. நீங்கள்தாம் எண்ண வேண்டும். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் விழிக்காவிட்டாலும் எண்ணிக்கொண்டிராமல் புறப்படுங்கள்.

இராமேசுவரம் தீவில் இருப்பவர்கள் மாவட்டத் தலைமையகத்தை அடைய ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். அங்கே 2022 சனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. பாலத்தில் காற்று பலமாக வீசும் இரவில் அந்தப் பயணத்தைத் தொடங்குவதைவிட, பகலிலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இராமேசுவரம் அரசு மருத்துவமனைக்கோ சென்று காட்டிவிடுவது எளிது. புறப்படுவதா வேண்டாமா என்ற ஐயம் எழுந்தால் 104 என்னும் எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் பராமரிப்பு

சளிக்கும் சாதாரண ஃபுளூவுக்கும் ஓய்வு, நீர், உணவு இம்மூன்றே முதன்மை மருந்து. கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எதுவாயினும் அடிக்கடி கொடுங்கள். தாய்க்குக் காய்ச்சல் என்றாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. முகக்கவசம் அணிந்து, கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம்.

சுக்கு, மல்லி, மிளகு இட்டு நம் ஊர்க் கருப்பட்டியில் காய்ச்சும் பானம் தொண்டைக்கு இதமானது, அருந்துவதில் தடையில்லை. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் கருப்பட்டி என்பதற்காகச் சர்க்கரைக் கணக்கை மறந்துவிடக் கூடாது. நிலவேம்புக் குடிநீர் ஒன்பது மூலிகைப் பொருட்கள் சேர்ந்த சித்த மருந்து. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டு, அவர்கள் கூறும் அளவில் அருந்துங்கள். அதை அருந்தியதாலேயே மேலே கூறிய 48 மணி நேரக் கணக்கு நின்றுவிடுவதில்லை. நொச்சித்தழை இட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மூக்கடைப்பைத் தளர்த்தும். குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகில் அமர்த்த வேண்டா. வெந்துபோகும் விபத்துகள் அப்படித்தான் நேர்கின்றன.

பாட்டிமார் அன்பினால் செய்யும் சிலவற்றை மென்மையாகத் தடுக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்கலாம். மூக்கடைப்புக்கு மருத்துவமனையில் தரும் உப்புநீர்ச் சொட்டே போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரக்கூடாது. குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகையும், விறகடுப்புப் புகையும், வீட்டுக்குள் புகைக்கும் பீடியும் ஏற்கெனவே வீங்கியுள்ள மூச்சுக்குழாயை மேலும் உறுத்துகின்றன.

இருமுபவரைத் தனி அறையில் வையுங்கள் என்று எழுதுவது எளிது. ஓரறை வீட்டில் அதை எப்படிச் செய்வது? மழை இல்லாத நேரத்தில் நோயுற்றவர் தாழ்வாரத்தில் இருக்கலாம். இரவில் உள்ளே படுத்தால் காற்று வெளியேறும் பக்கத்துச் சன்னலருகே அவரும், எதிர்ப்பக்கத்தில் மற்றவர்களும் படுக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் வருமாறு படுப்பதும் உதவும். எதிரெதிரே உள்ள இரு திறப்புகளைச் சாரல் படாத அளவுக்கேனும் திறந்து வையுங்கள். நோயுற்றவரும் பராமரிப்பவரும் முகக்கவசம் அணியட்டும். வீட்டில் கருவுற்ற பெண்ணோ முதியவரோ இருந்தால், பராமரிக்கும் பொறுப்பை நலமாக உள்ள வேறொருவர் ஏற்க வேண்டும். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை இந்த ஏற்பாடு தொடரட்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உவர்நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. எனவே கைகழுவ மட்டுமேனும் நல்ல நீரில் ஒரு குவளையை ஒதுக்கி வைப்பது நல்லது.

கடலுக்குச் செல்பவர்கள்

விசைப்படகில் ஐந்தாறு பேர் ஒரே சிறு அறையில் உறங்கி, ஒரே பாத்திரத்தில் உண்டு திரும்புகிறார்கள். ஒருவர் காய்ச்சலுடன் ஏறினால் அடுத்த சில நாட்களில் படகு முழுவதும் படுத்துவிடும். கூலி இழப்பும் அதற்கேற்பப் பெருகும். காய்ச்சல் மாத்திரையின் உதவியின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே தொழிலுக்குச் செல்லுங்கள். கடலில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் தோன்றினால் பாடு முடியட்டும் என்று காத்திராமல் கரைக்குத் திரும்புங்கள். விஎச்எஃப் கருவியின் 16ஆம் அலைவரிசையிலோ 1554 என்னும் எண்ணிலோ கடலோரக் காவல் படையின் உதவியைக் கோரலாம்.

சங்கு குளிப்பவர்களுக்கும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் தனியே ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரணமான சளி, மூழ்குபவர்களுக்குச் சாதாரணம் அன்று. நம் நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் செல்கிறது. கீழே இறங்கும்போது ஏறும் நீரழுத்தத்தை இக்குழாய் வழியே காற்று சென்று ஈடுகட்டுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. சளியால் அக்குழாய் வீங்கி அடைத்திருந்தால் ஈடுகட்ட வழியின்றிச் செவிப்பறை உள்வாங்கி வலிக்கும், கிழியவும் கூடும். கிழிந்த செவிக்குள் குளிர்ந்த கடல்நீர் புகுந்தால் தலை சுற்றி, மேலே எது கீழே எது என்று தெரியாமல் போகும். அது உயிருக்கே ஆபத்து. மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு மூழ்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால், மேலேறும்போது காற்று வெளியேற வழியின்றி அடைபடும். மூக்கு முழுவதும் திறந்து, விழுங்கும்போது இரு செவியும் எளிதாக விடுபடுவதை உணரும்வரை மூழ்காதீர்கள்.

தலயாத்திரை வருபவர்கள்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை சென்று திரும்பும் பக்தர்களும், தை அமாவாசைக்குப் பெருந்திரளான மக்களும் இராமேசுவரம் வருகின்றனர். அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்தபடியே செல்வது மரபு. இதுவரை கூறியதிலிருந்தே விளங்கும்: தீர்த்த நீரைவிட, அதற்கான வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்பதே ஃபுளூ பரவ வாய்ப்பான நேரம். காய்ச்சல் உள்ளவர் அன்று நீராடலையும் கூட்டத்தையும் தவிர்ப்பது தமக்கும் பிறருக்கும் நல்லது. முதியோரும் இளைப்பு உள்ளவர்களும் கூட்டம் குறைந்த வேளையைத் தேர்ந்து, மூச்சு இழுக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். நீராடியதும் மாற்றுடை உடுத்துங்கள். முகக்கவசம் நனைந்தால் பயன் தராது. உலர்ந்தது ஒன்றை உறையில் எடுத்து வாருங்கள். ஊர் திரும்பிய நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால், யாத்திரை சென்று வந்ததை மருத்துவரிடம் கூறுங்கள்.

தடுப்பூசி

ஃபுளூ வைரஸ் ஆண்டுதோறும் தன் புறத்தோற்றத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. அதற்கேற்ப உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எவ்வகைகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டு போட்டது இவ்வாண்டுக்குப் போதாமல் போவதற்கு இதுவே காரணம். ஊசி போட்டும் சளி வருகிறதே என்று பலர் கேட்கின்றனர். இத்தடுப்பூசி ஃபுளூவுக்கு மட்டுமே உரியது. சளியை உண்டாக்கும் மற்ற வைரஸ்களை அது தடுப்பதில்லை. ஃபுளூவையும் எப்போதும் முழுமையாகத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றுவதைக் குறைப்பதே அதன் பெரும் பயன்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃபுளூ தடுப்பூசி இடம்பெறவில்லை. எனவே அது தானாக உங்களைத் தேடி வராது. நீங்கள்தாம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முன்னர்க் கூறிய ஆபத்து மிகுந்தவர்களும் மருத்துவப் பணியாளர்களும் முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள். கருவுற்ற பெண்கள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பாற்றல் குழந்தைக்கும் சென்று, தடுப்பூசி போட இயலாத முதல் ஆறு மாதங்களில் அதைக் காக்கிறது. ஊசி போட்டுப் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஆவணி, புரட்டாசி மாதங்களே நம் பகுதிக்கு ஏற்ற காலம். மழை தொடங்கிவிட்டது என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை, ஃபுளூவைத் தொடர்ந்து வரும் நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகவே போடப்படுகிறது. பிறந்த ஆறாவது வாரம், 14ஆவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணைகள். மீன்பிடித் தொழிலுக்காக இடம் மாறிச் செல்லும் குடும்பங்களில் ஒன்பதாம் மாதத் தவணை தவறிவிட வாய்ப்புண்டு. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, தவறியிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே அதைப் போட்டுக்கொள்ளலாம்.